நீலியின் கண்ணீர் பொய்யல்ல

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேய்ப் படங்களும் அடிதடிப் படங்களும் பெண்கள் மீதான வன்முறையைத் தூண்டுகின்றனவா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'ஆமாம், தடை செய்ய வேண்டும்' என்றால் கைதட்டு கிடைக்கும். 'சினிமா வெறும் பொழுதுபோக்கு, விட்டுவிடுங்கள்' என்றாலும் கைதட்ட ஆள் இருக்கிறது. மறைந்த நம் தோழர் இரண்டு கைதட்டலையும் நம்பாதவர். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சினிமா வெறும் பொழுதுபோக்கு என்ற பேச்சை இந்த ஊரில் நின்றுகொண்டு யாரும் பேச முடியாது. இது அண்ணா பிறந்த ஊர். 1949இல் அவர் எழுதிய 'வேலைக்காரி', 'நல்லதம்பி' இரண்டும் திரைக்கு வந்தன. நாடகத்தையும் சினிமாவையும் பிரச்சாரக் கருவியாக எடுத்துக்கொண்ட இயக்கம், 1967இல் ஆட்சியைப் பிடித்தது. சாமியைப் பற்றியும் பண்ணையாரைப் பற்றியும் படம் பேசினால் ஜனங்கள் மாறுவார்கள், பெண்ணை அறைவதைப் பற்றிப் படம் பேசினால் மட்டும் ஒன்றும் ஆகாது என்றால் அது என்ன நியாயம்?

ஆனால் எப்படி மாற்றுகிறது என்பதில்தான் சிக்கல். நான் சமூகவியல் படித்தவள். வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது 1961இல் ஆல்பர்ட் பண்டூரா செய்த பொம்மைச் சோதனை. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் போய் அடித்தன. பார்த்தது கைக்கு வருகிறது என்று முடிவுகட்டிக்கொண்டோம். பிறகு 2009இல் அமெரிக்காவில் கோர்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா என்ற இரண்டு பொருளியலாளர்கள் வேறொரு கணக்குப் பார்த்தார்கள். வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அதிகம் போன நாட்களில், அன்று மாலையும் இரவும் அடிதடிக் குற்றங்கள் குறைந்திருந்தன. காரணம் எளிமையானது: அடிதடியில் இறங்கக்கூடிய இளைஞர்கள் அந்த நேரத்தில் குடிக்கிற இடத்தில் இல்லாமல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். நீண்ட காலத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கில் பதில் கிடையாது.

அப்படியானால் படம் பார்த்துவிட்டு நேரே போய்க் கத்தியை எடுக்கிறான் என்ற கதை நிற்காது. நம் நாட்டுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,45,256. அதில் நூற்றுக்கு 31 வழக்குகள் கணவனோ அவன் வீட்டாரோ செய்த கொடுமை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய அளவில் அது 29. பேய் பங்களாவில் இல்லை தோழர்களே, சமையலறையில் இருக்கிறது.

அந்தச் சமையலறைக்குள் சினிமா எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் காலனியில் காரியம் என்றால் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். அப்படித்தான் 'புதிய பாதை' பார்த்தேன். 1989இல் வந்த படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. தன்னை வன்புணர்ந்தவனையே ஒரு பெண் தேடிப் போய், அவனைத் திருத்தி, அவனோடு வாழ்கிற கதை. தெருவே அழுதுகொண்டு பார்த்தது. எங்கள் ஆயா மட்டும், "அவன வெளக்கமாத்தால சாத்தாம சோறாக்கிப் போடறாளே" என்று எழுந்து போய்விட்டார். ஆயா பள்ளிக்கூடம் போகாதவர். அந்த இரவில் ஒழுங்காக விமர்சனம் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

 அந்தப் படத்தில் பேய் கிடையாது. ஆனால் கெடுத்தவனைத் திருத்துவது கெடுக்கப்பட்டவளின் வேலை என்ற பாடம் இருக்கிறது. எங்கள் தெருப் பஞ்சாயத்துகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்: "கட்டி வெச்சிடுங்க, சரியாயிடும்." வன்முறையைத் தூண்டும் படம் எது என்று தேடுகிறவர்கள் பேய்ப் படத்தையும் அடிதடிப் படத்தையும் மட்டும் புரட்டினால் போதாது. குடும்பப் படம், காதல் படம் என்று போட்டிருக்கிற பெட்டியையும் திறக்க வேண்டும்.

1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆட்டோவில் வந்த ஆண்களின் சீண்டலால் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2013இல் பெண்ணைப் பின்தொடர்வது இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவாகக் குற்றமானது. சட்டம் குற்றம் என்று சொல்வதைத் திரை காதல் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது சினிமாதான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 'ரெமோ' வந்தது. வேறொருவனோடு நிச்சயமான பெண்ணை வேஷம் போட்டுப் பின்தொடர்ந்து மனம் மாற்றும் நாயகன். வெற்றிப் படம்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கொலையில் கைது செய்யப்பட்டவர் நம் சமூகத்து இளைஞர். செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் இறந்துபோனார். தற்கொலை என்றது அரசு, குடும்பம் ஏற்கவில்லை. விசாரணையே நடக்கவில்லை. ஆனால் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது: கிராமத்துப் பையன், ஒருதலைக் காதல். அந்தக் கதையை ஊர் உடனே நம்பியதற்கும் சினிமாதான் காரணம். யார் முகம் பொறுக்கி முகம், யார் தெரு ரவுடித் தெரு என்று ஐம்பது ஆண்டுகளாகப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். கறுத்த முகம், குடிசை, கானாப் பாட்டு. பின்தொடர்வது வெள்ளைத்தோல் நாயகன் என்றால் காதல், எங்கள் பையன் என்றால் கேஸ்.

2012இல் தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி எரிந்த காலத்தில், ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினார்கள். 2020இல் 'திரௌபதி' என்று அதையே படமாக எடுத்தார்கள். பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் எடுக்கப்பட்ட அந்த வகைப் படத்தில் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்கக்கூட இடமில்லை. 'சினிமாவால் பெண்கள் கெடுகிறார்கள்' என்று சாதிச் சங்கம் சொல்வதும், 'சினிமாவால் பெண்கள் தாக்கப்படுகிறார்கள்' என்று நாம் சொல்வதும் தூரத்திலிருந்து கேட்டால் ஒன்று போலவே ஒலிக்கும். அவர்களுக்குப் பெண்ணைப் பூட்டி வைக்க வேண்டும். நமக்கு அவள் பயமில்லாமல் ரயிலேற வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

இனி பேய்க்கு வருகிறேன். நமக்குப் பேய்க்கதை ஹாலிவுட்டிலிருந்து வந்ததில்லை. அரக்கோணம் பக்கம், திருவாலங்காட்டை அடுத்து இருக்கிறது பழையனூர். நீலி கதை பலவிதமாகச் சொல்லப்படும். சாரம் இது: கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி வருகிறாள். அவன்தான் என் கணவன் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவனுக்கு உயிர்ப்பிணை சொல்லி அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொல்கிறாள். வாக்குத் தவறிய எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து தமிழ்ச் சமூகம் எதை ஞாபகம் வைத்துக்கொண்டது? எழுபது ஆண்களின் சத்தியத்தைப் போற்றிப் பாடியது. பொய்யாக அழுவதற்கு 'நீலிக்கண்ணீர்' என்று பெயர் வைத்தது. கொல்லப்பட்டவள் அவள். கணவன் என்று அவள் சொன்னதும் ஒரு காலத்தில் உண்மைதான். இன்றைக்கும் ஒரு பெண் காவல் நிலையத்தில் அழுதால் நீலிக்கண்ணீர் வடிக்கிறாள் என்கிறோம். எந்தப் படமும் வருவதற்கு முன்பே நம் மொழியில் இருந்த வன்முறை இது.

இன்றைய பேய்ப் படங்களிலும் அதே கணக்குதான். அநியாயமாகச் செத்தவள் வெள்ளைப் புடவையில் வருகிறாள், பழிவாங்குகிறாள், கடைசியில் ஒரு பூசாரியோ சாமியோ அவளை அடக்கி அனுப்புகிறார். உயிரோடு இருந்தபோது அவளுக்கு எப்ஐஆர் கிடையாது. செத்தால்தான் பலம். 'சங்கதி'யில் பாமா பேய் பிடிக்கும் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் தெருப் பெண்களுக்கு மட்டும் ஏன் பேய் பிடிக்கிறது என்று அதில் வருகிறவள் யோசிக்கிறாள். காட்டு வேலை, வீட்டு வேலை, ராத்திரியில் புருஷன் அடி. பேய் வந்து ஆடும் நேரத்தில்தான் அவள் சத்தம் போட முடியும், ஊர் பயந்து கேட்கும். பாமா அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். நம் படங்கள் கேமராவைப் பூசாரி பக்கத்தில் வைக்கின்றன.

நம் பக்கத்துப் படங்களையும் கேட்க வேண்டும். 1992 ஜூன் 20 வாச்சாத்தியில் நடந்ததை நாம் அறிவோம். 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதே 2023இல் வந்த 'விடுதலை' முதல் பாகத்தில் காவல் நிலையத்தில் பெண்களை நிர்வாணமாக்கி வதைக்கும் காட்சி வருகிறது. படம் பெண்கள் பக்கம்தான் நிற்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்சி அவ்வளவு நேரம் ஓட வேண்டுமா? 1994இல் 'பேண்டிட் குயின்' வந்தபோது பூலன் தேவியே நீதிமன்றத்துக்குப் போனார். தன் உடலுக்கு நடந்ததைத் தன்னைக் கேட்காமல் திரையில் காட்டினார்கள் என்பது அவர் வழக்கு. உயிரோடு இருந்த பெண் சொன்னது அது. நம் வலியைப் படமெடுக்கிறவர்கள் எல்லோரும் அதை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். வாச்சாத்திப் பெண்களிடம் வதையைத் தவிர இன்னொரு கதையும் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி ஜெயித்த கதை. அதை முழுநீளப் படமாக எடுத்தால் நான் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்குவேன்.

நம் ஊரிலேயே 2009இல் ஒரு கேமரா ஓடியது. ஓர் அர்ச்சகர் கருவறைக்குள் பெண்களோடு இருந்ததைத் தானே கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். அது வெளியே பரவியது. ஊர் கோயிலின் புனிதம் கெட்டதைப் பற்றிப் பேசியது. அந்தப் பெண்களின் முகம் கை கையாகப் போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பார்த்தவர்கள் யாரும் தங்களைக் குற்றவாளி என்று நினைக்கவில்லை. படம் பார்க்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்: இருட்டில் உட்கார்ந்தால் பொறுப்பு கிடையாது.

இதுவரை மற்றவர்களைப் பேசிவிட்டேன். என்னையும் பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி முகாமில் ஒரு மாணவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, அந்த அண்ணன் தினமும் காலேஜ் வரைக்கும் பின்னாடியே வர்றாரு. வேணாம்னு சொல்லிட்டேன். கேட்க மாட்டேன்றாரு" என்றாள். அந்த அண்ணன் இயக்கத் தோழர், நல்ல பேச்சாளர், இரண்டு வழக்கில் ஜாமீனில் இருந்தவர். நான் அவளிடம் சொன்னது இது: "நல்ல பையன்தாம்மா. நீ கண்டுக்காத. வெளிய சொன்னா நம்ம பசங்களப் பத்தி அவங்க சொல்றது உண்மைன்னு ஆயிடும்."

அவள் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டே படிப்பை நிறுத்தி வீட்டில் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

'நல்ல பையன்தான், கண்டுக்காத' என்பது எந்த நூலில் படித்தது? எந்த நூலிலும் இல்லை. நூறு படங்களில் நாயகியின் தோழி சொல்கிற வசனம் அது. சமூகவியல் முதுகலை படித்த, பெண்ணுரிமை பேசுகிற என் வாயில் அது தானாக வந்தது. வன்முறை செய்தவன் அவன். அதற்கு வசனம் கொடுத்தவள் நான். இன்றைய தலைப்புக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான். சினிமா எல்லோர் கையிலும் கத்தியைக் கொடுப்பதில்லை. கத்தியைப் பார்த்த பிறகு சுற்றி இருப்பவர்கள் என்ன பேச வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்கிறது.

என் அப்பா கூலிக்குத் தறி நெய்தவர். கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. கரை நாடா தள்ளப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளை கையை எடுத்தால் சேலை நகராது. பெண் மீதான வன்முறையும் அப்படித்தான் நெய்யப்படுகிறது. சினிமா ஒரு நாடா. இன்னொரு நாடா நம் கையில்.

அப்படியானால் தடை கேட்கலாமா? கத்தரியை யார் கையில் கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஒரு தலித் சிறுமியின் வன்புணர்வுக் கொலையையும் காவல் துறையின் சாதியையும் பேசிய 'சந்தோஷ்' படத்துக்கு 2025இல் தணிக்கை வாரியம் வழிவிடவில்லை. அதே ஆண்டு 'ஃபுலே' படத்தில் சாதிச் சொற்களை வெட்டச் சொன்னார்கள். பெண்ணைத் துரத்தும் நாயகனுக்கு இந்தக் கத்தரி எட்டுவதே இல்லை. கத்தரிக்குக் கூர்மை கேட்டால் அது முதலில் நம் நாக்கைத்தான் வெட்டும்.

நாம் செய்யக்கூடியது சிறியது, ஆனால் கடினமானது. நம் படிப்பு வட்டங்களில் புத்தகம் போலவே படத்தையும் பேசுவோம், பையன்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து. இந்தப் பெண் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். விசில் தானாக நிற்கும். நம் அமைப்புகளில் ஒரு பெண் புகார் சொன்னால் அதைக் கேட்க, பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழு ஒன்று வேண்டும். சமூகத்தின் மானம் போகும் என்று யாரும் வாயடைக்கக் கூடாது. 1942இல் நாக்பூர் மகளிர் மாநாட்டில் பாபாசாகேப், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்தே அளப்பதாகச் சொன்னார். அந்த அளவுகோலை எதிரி மீது மட்டும் வைக்க முடியாது.

இங்கே இருக்கும் மாணவிகளுக்கு ஒன்று. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு 'அண்ணன்' இருந்தால், கூட்டம் முடிந்து வெளியே நிற்பேன், வந்து சொல்லுங்கள். இந்த முறை அந்த வசனத்தை நான் பேச மாட்டேன்.