மேய்க்கால் நிலம் மீண்டால்தான் ஆடு மாடு பிழைக்கும்

(கம்மாபுரம் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம் பறிபோகிறது என்றால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற பயிருக்குள் எந்திரம் இறங்கியதை யாரும் மறக்கவில்லை. ஆனால் சத்தமே இல்லாமல் இன்னொரு நிலமும் போய்க்கொண்டிருக்கிறது. அதுதான் மேய்க்கால் புறம்போக்கு.

எப்படிப் போகுது? ஒருபக்கம் ஆக்கிரமிப்பு. மிச்சம் இருக்கிற துண்டு நிலத்தில் ஊர் ஆடு மாடு அத்தனையும் வருசம் பூரா மேயுது. புல் விதை கட்டுவதற்குள் வேரோடு போகுது. மொட்டை நிலத்தில் மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடுது. கடைசியில் நிற்பது சீமைக்கருவேல் மட்டும்தான். அதன் இலையை மாடு தொடாது. காய் இனிக்கும், ஆசையாகத் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணியோடு விழுந்து முளைக்கும். தென் அமெரிக்காவில் இருந்து வந்த மரத்துக்கு நம்ம மாடே விதைப்பு வேலை பார்க்குது!

அப்படின்னா ஆட்டை வித்துடணுமா? வேண்டாம். வழி இருக்கு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறார்கள். சுற்றிக் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல் மரம். நிழலுக்கு நிழல், காய் ஆட்டுக்குத் தீனி. பட்டி பட்டியாகப் பிரித்து, ஒன்றில் மேய விட்டால் மற்றதைப் புல் தழைக்க விட்டுவிடுவார்கள். மழை குறைந்த அந்த மண்ணிலேயே காங்கேயம் மாட்டினம் இப்படித்தான் நிலைத்தது.

வானூர் பக்கம் ஆரோவில்லைப் பாருங்கள். 1968இல் தொடங்கும்போது அது ஓடை ஓடையாக அரித்துக் கிடந்த செம்மண் மேடு. கரை போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். ஆடு மாடு புகாமல் வேலி அடைத்தார்கள். முதலில் வறட்சி தாங்கும் வெளியூர் மரங்களை வைத்து நிழல் உண்டாக்கி, பிறகு இந்த மண்ணுக்கே உரிய மரங்களைக் கொண்டு வந்தார்கள். இன்று அது காடு.

நாம் செய்ய வேண்டியது என்ன?

சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, அந்த மழைக்கே புல் விதைக்கணும். இடத்தைச் சும்மா விட்டால் மண்ணில் கிடக்கிற கொட்டை முளைத்துவிடும். வேலிக்குக் கிளுவைப் போத்து, நொச்சி, ஆடாதோடை வையுங்கள். ஆடு தொடாது என்பதைப் பேரிலேயே வைத்துப் போனார்கள் நம்ம பெரியவர்கள். உள்ளே வெள்வேல், வேம்பு, வாகை, புங்கன்.

முக்கியமான பேச்சு இது. நிலத்தை மொத்தமாக அடைத்தால் அடி வாங்குவது சொந்த நிலமில்லாத ஆட்டுக்காரக் குடும்பம்தான். அதனால் நான்காகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் அடைப்போம். அது தழைத்த பிறகு அடுத்த பங்கு. நிலம் உள்ளவர்கள் அறுப்பு முடிந்த வயலில் அந்த ஆடுகளை மேய விடணும். இந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் வேலி ஒரு மாதம் கூட நிற்காது.

நம் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஊரிலும் மேய்க்கால் புறம்போக்கை அ-பதிவேட்டின்படி அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். மேய்ச்சல் நிலம் உள்ளிட்ட ஊர்ப் பொதுநிலங்களை மீட்க 28.1.2011 அன்றே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

2. அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி மண்ணுக்குரிய தாவரங்களை மீட்கத் தமிழக அரசு 2022இல் கொள்கை வெளியிட்டது. அந்த வேலையை மேய்க்கால் நிலங்களிலும் செய்ய வேண்டும். வேரோடு பிடுங்கிய இடத்தில் உடனே நடவு செய்ய வேண்டும்.

3. அடைத்து வைக்கும் காலத்துக்கு, நிலமற்ற கால்நடை வளர்ப்போருக்கு உலர்தீவனம் தர வேண்டும்.

அடுத்த கிராம சபையில் எல்லாரும் உட்காருங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

மேய்க்கால் நம் உரிமை! மீட்பது நம் கடமை!