சாட்சியைப் பிடிச்சிருக்கிற கைகள்



பொம்மை நாடகம் எண்டதும் 'வார் ஹோர்ஸ்' பற்றித்தான் கதைப்பன் எண்டு நினைச்சிருப்பீங்கள். பள்ளிக்கூடத்தோட போய்ப் பாத்தனான். குதிரையை மூன்று பேர் எங்கட கண் முன்னாலயே நின்று ஆட்டுகினம். அது மூச்சு விடுற விதத்தில, கொஞ்ச நேரத்தில அவையளை மறந்திட்டன். அழகுதான். ஆனால் அதே ஹேண்ட்ஸ்பிரிங், கேப்டவுன் குழு, அதுக்குப் பத்து வருசம் முதல் 1997இல் செய்த நாடகத்தில் ஆட்டுறவையை மறக்கவே ஏலாது.

'உபுவும் உண்மை ஆணைக்குழுவும்'. எழுத்து ஜேன் டெய்லர், நெறியாள்கை வில்லியம் கென்ட்ரிட்ஜ். நிறவெறி ஆட்சியின் குற்றங்களை விசாரித்த தென்னாபிரிக்க ஆணைக்குழுவின் அமர்வுகள் அப்ப முடியவும் இல்லை. பிற்காலத்தில் திரும்ப மேடையேற்றினபோதுதான் நான் லண்டனில் பாத்தன்.

ஆட்சிக்காகக் கொலை செய்த உபுவும் அவன்ர மனைவியும் மனித நடிகர்கள். ஆவணங்களைத் தின்னுற முதலை ஒரு பொம்மை, அதுதான் மனைவியின்ர கைப்பையும். சாட்சி சொல்ல வாறவையும் மரப்பொம்மைகள்தான். அவை சொல்லுறது ஆணைக்குழு முன்னால் உண்மையாகவே சொல்லப்பட்ட சாட்சியங்கள். தங்கட மொழியிலேயே சொல்லுகினம். கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்கிற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லுறார். ஒவ்வொரு சாட்சிக்கும் பக்கத்தில் ரெண்டு பேர். பொம்மையையே பாத்துக்கொண்டு, தாங்கிப் பிடிச்சபடி. 'இது நான் இல்லை, நான் பிடிச்சிருக்கிறன், அவ்வளவுதான்' எண்ட மாதிரி.

எனக்கு ஒரு குறையும் இருக்கு. பகிடியெல்லாம் உபுவுக்குத்தான். சனம் அவனோட சேர்ந்து சிரிச்சது, நானும்தான்.

ஏன் இப்ப இதைச் சொல்லுறன்? போன மே மாத நினைவுநாளில், முள்ளிவாய்க்காலில் மகனை இழந்த ஒரு தாயின் சாட்சியத்தை நான் 'அம்மா'வாகவே நடிச்சன். சேலை, அழுகை எல்லாம். நல்ல கைதட்டல். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பிறகு வந்து என்ர கையைப் பிடிச்சு, "நல்லா அழுதனீர், பிள்ளை" எண்டா. அவவும் அங்க இருந்து தப்பி வந்தவ எண்டு பிறகுதான் தெரியும். நான் பிறந்ததே இங்க.

இந்த மே மாதத்துக்கு நாடகக் குழுவிட்ட ஒரு வேண்டுகோள். ஒருத்தரும் அம்மா வேசம் போட வேண்டாம். பழைய சேலையும் ஒரு தடியும் இருந்தால் பொம்மை செய்யலாம். சாட்சியம் தமிழில், ஆங்கிலம் மேடை ஓரத்தில். அதைச் சொன்ன தாயிட்ட முதல் கேட்பம். வேண்டாம் எண்டால் விட்டிடுவம்.

பிடிக்க ரெண்டு பேர் வேணும். ஒராள் நான். மற்றது ஆர்?