தொய்வும் வீட்டுப் பராமரிப்பும்
(நூற்றாண்டை முன்னிட்டுச் சல்லியில் தாய்மார் மத்தியில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



முத்துமாரி அம்மனைக் கும்பிட இக்கடற்கரைக்குப் பலமுறை வந்தவர்கள் நாங்கள். இன்று வேறொரு காரியமாக வந்திருக்கிறோம். தொய்வு, முட்டு, இழுப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமா வருத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் எம் வகுப்பிலும் தொய்வுள்ள பிள்ளைகள் இருந்தார்கள். விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் இருப்பார்கள். பம்பைப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்து, யாரும் காணாமல் அடிப்பார்கள். "நாளைக்குக் கலியாணம் பேசேக்கை தெரிஞ்சுடும்" என்பது வீட்டுப் பயம். நாங்களும் ஒன்றும் கேட்டதில்லை. அன்று கேட்காததை இன்று பேச விரும்புகிறோம்.

தொய்வுள்ளவரின் மூச்சுக்குழாய்களின் உட்புறம், சுகமாய் இருக்கும்போதும் சிறிது வீங்கியே இருக்கும். தடிமன், புகை, தூசி, குளிர்காற்று பட்டால் தசை இறுகி, சளியும் சேர்ந்து வழி ஒடுங்கிவிடும். அதனால்தான் பலருக்கு இரண்டு பம்ப் தருகிறார்கள். நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல் இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் சுகம் தெரியும். ஆனால் வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது பெக்ளோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. அதைச் சுகமாய் இருக்கும் நாளிலும் எடுக்கவேண்டும். எடுத்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும். "பிள்ளைக்கு இப்ப சுகம்தானே" என்று நிறுத்துவதே நாம் விடும் பெரிய பிழை. நீல பம்ப் கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பம்ப் பழகிவிடும் என்ற பயமும் வேண்டாம். சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் இருக்கும். பம்பின் ஒரு அடியில் 0.1 மில்லிகிராம்தான், அதுவும் நேரே நெஞ்சுக்குப் போகிறது. பம்ப் பிறந்ததே ஒரு சிறுமியின் கேள்வியால்தான். 1955இல் அமெரிக்காவில் தொய்வுள்ள 13 வயதுச் சிறுமி, மருந்துக் கம்பனித் தலைவரான தன் தகப்பனிடம், தன் மருந்தை விசிறும் குப்பியில் அடைத்தால் என்ன என்று கேட்டாள். அடுத்த ஆண்டே பம்ப் விற்பனைக்கு வந்தது.

சிறுபிள்ளைகளுக்குப் பம்பை ஸ்பேசர் வைத்தே கொடுக்கவேண்டும். அது கைவசம் இல்லையென்றால், 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாய்ப் பொருந்தத் துளையிட்டு, போத்தலின் வாயால் மூச்செடுக்க விடலாம். இது நன்கு பயன்படும் என்று 1999இல் தென்னாபிரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள்.

இனி வீட்டைப் பார்ப்போம். விறகடுப்பு எரியும்போது பிள்ளையைக் குசினிக்குள் வைத்திருக்காதீர்கள். நுளம்புக்குப் பொச்சுமட்டைப் புகையும் சுருளும் வேண்டாம், வலை போதும். சாம்பிராணியை அளவோடு போடுங்கள். மாரி மழைக்கு ஈரமான சுவரில் பூஞ்சணம் பிடித்தால் துடையுங்கள். வெயில் கண்டதும் பாய், தலையணையைக் காயப்போடுங்கள். வீட்டுக்குள் யாரும் சுருட்டு, சிகரெட் பிடிக்க விடாதீர்கள்.

இரவில் முட்டு எழும்பினால் பிள்ளையைப் படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள். நீல பம்பை ஸ்பேசரில் ஒருமுறை அடித்து 4 மூச்சு எடுக்கவிடுங்கள். இப்படி 4 முறை. பிறகு 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் திரும்பவும் 4 கொடுத்தபடி 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். ஒரு வசனத்தை முழுதாய்ப் பேச முடியாவிட்டால், விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை சோர்ந்து தூங்கினால் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம். உடனே அழைத்துவிட்டுப் பம்பைக் கொடுங்கள். பிள்ளை வாடிக்கிடக்கையில் இழுக்கும் சத்தம் நின்றால் அது சுகமல்ல, ஆபத்து. ஆவி பிடிப்பது தொய்வுக்கு உதவாது; சுடுதண்ணீர் கொட்டுண்டு பிள்ளை வெந்துவிடலாம்.

இம்மலரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாசிக்கும் எம் சகோதரிகளுக்கும் பனிக்குளிரில் இதே கதைதான். உங்கள் பிள்ளையின் பம்ப் எங்கே இருக்கிறதென்று ஆசிரியைக்கும் அடுத்த வீட்டாருக்கும் தெரியட்டும். மரத்தடியில் இருந்த எம் தோழியருக்கு நாம் செய்யத் தவறியதை இவர்களுக்குச் செய்வோம். பம்பை ஒளிக்காமல், எல்லோரோடும் ஓடி விளையாடட்டும்.