ஒரே கை எடுத்த படங்கள்

(ஏற்காட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்று என்று பெரியார் சொன்னார். அப்படியிருக்கப் பகுத்தறிவு மேடையில் சினிமாப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நோயைப் பற்றி வைத்தியன் பேசாமல் வேறு யார் பேசுவது? மேலும், இன்றைக்குப் பழைய படங்களெல்லாம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. தோட்டத்தில் வேலை முடிந்து வரும் தாய்மாரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். ஆகையால் எதைப் பார்ப்பது என்பதைவிட எப்படிப் பார்ப்பது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய சங்கதியாகும்.

இந்த மலையை விட்டு இறங்கிச் சேலத்துக்குள் போகும் ஏற்காடு ரோட்டிலே ஒரு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. ஸ்டூடியோ போய்விட்டது, வாசல் மாத்திரம் மிச்சம். அந்த வாசல் வழியாக ஓர் அமெரிக்கரும் வந்து போனார். எல்லிஸ் ஆர். டங்கன் என்பது அவர் பெயர். 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். 1950-இல் திரும்பிப் போனார். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் தமிழ்ப் படம் எடுத்தார். அவற்றில் சில பெயரும் பெற்றன. அவருடைய படங்களில் எது மேல், எது கீழ் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதற்படம் 1936-இல் வந்த "சதி லீலாவதி". எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. எம். ஜி. இராமச்சந்திரனும், என். எஸ். கிருஷ்ணனும், டி. எஸ். பாலையாவும் அதில்தான் முதன்முதல் தலைகாட்டினார்கள். குடியினால் கெட்ட ஒருவன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டக் கூலியாகிறான். பெரும்பாலும் சாமியும் ராஜாவுமே படமாகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கூலிக்காரனைத் திரையில் காட்டியது நல்ல காரியந்தான். ஆனால் அவன் எப்படி மீளுகிறான்? புதையல் கிடைக்கிறது! அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்க, முதலாளி அவனைப் பிள்ளையாக்கிக் கொள்ளுகிறார். 1820-களில் காக்பர்ன் என்ற கலெக்டர் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது முதல் இன்றுவரை எத்தனை தலைமுறை இங்கே மண்ணைக் கொத்தியிருக்கிறது! யாருக்குப் புதையல் கிடைத்தது? எந்த முதலாளி யாரைப் பிள்ளையாக்கிக் கொண்டார்? கூலி உயரவேண்டுமென்று கேட்கத் தெரியாதவனுக்குத்தான் புதையல் கதை வேண்டும்.

அடுத்தது 1940-இல் வந்த "காளமேகம்". டங்கன் படங்களில் கடைசி இடம் இதற்கே என்பது நமது அபிப்பிராயம். படம் ஓடவில்லை என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அதில் கதாநாயகனாக வந்தவர் நாதசுர மேதை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. காளமேகப் புலவரைப் பற்றி நம்மவர் சொல்லிவரும் கதை என்ன? மடைப்பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்தவன் வாயில் அம்மன் வெற்றிலை எச்சிலைத் துப்பினாளாம். உடனே பாட்டு மழையாய்ப் பொழிந்ததாம்! தோழர்களே, இராஜரத்தினம் பிள்ளைக்கு யார் எச்சில் துப்பினார்கள்? மூச்சைப் பிடித்து, விரல் நோக, வருடக்கணக்காகச் சாதகம் செய்து அடைந்த வித்தையல்லவா அது? உழைப்பால் வித்தை வரும் என்பதற்குக் கண்கண்ட சாட்சியான மனிதரைப் பிடித்து, எச்சிலால் வித்தை வந்ததாகச் சொல்லப்படும் ஒருவனுடைய வேஷத்தைப் போட்டுவிட்டார்கள். இதைவிட அவருடைய உழைப்புக்கு வேறு என்ன அவமதிப்பு வேண்டும்?

மூன்றாவது 1945-இல் வந்த "மீரா". தொழிலில் பார்த்தால் இதுதான் டங்கன் எடுத்தவற்றில் அழகான படம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். எம். எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் தெய்வ ஒளி வீசுகிறதென்று பக்தர்கள் உருகினார்கள். அந்த ஒளி எங்கிருந்து வந்தது? டங்கனும் படப்பிடிப்பாளர் ஜிதேன் பானர்ஜியும் அந்த அம்மையாரின் தலையைப் போல ஒரு சுண்ணச் சிலை செய்து வைத்து, விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பி, எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தால் அழகு என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே வைகுண்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மின்சார விளக்கிலிருந்து வந்தது. இவ்வளவு அறிவையும் உழைப்பையும் செலவிட்டுச் சொன்னது என்ன? புருஷன் பிடிக்காத பெண்ணுக்குப் போக்கிடம் ஒரு பொம்மையின் காலடி என்பதுதானே! விஷத்தைப் பித்தளைக் குவளையில் கொடுத்தால் முகஞ்சுளிப்போம். பொற்கிண்ணத்தில் கொடுத்தால் குடித்துவிடுவோம். "மீரா" பொற்கிண்ணம்.

இனி, மேலானது எது? மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட "மந்திரி குமாரி". மு. கருணாநிதி வசனம், டங்கன், சுந்தரம் இருவர் பெயரிலும் டைரக்ஷன். குண்டலகேசி என்ற பௌத்த காவியத்தின் கதையிலிருந்து எடுத்தது. இராஜகுரு என்பவன் அரசனை ஆட்டிவைக்கிறான். அவன் மகனோ கொள்ளைக்காரன். மதத்தின் பெயரால் மரியாதை வாங்குகிறவன் வீட்டிலேயே திருட்டு இருக்கிறது என்று கொட்டகையில் பகிரங்கமாகக் காட்டினார்கள்.

அந்தக் கொள்ளைக்காரன் தன் மனைவி அமுதவல்லியை மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான். அவள் என்ன செய்கிறாள்? சாமியைக் கூப்பிடவில்லை. கணவனை மூன்றுமுறை சுற்றி வந்து கும்பிட வேண்டுமென்று கேட்கிறாள். பதிவிரதை கேட்கிறாள் என்று அந்த மடையன் நம்பி நிற்கிறான். பின்பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். பெண்ணை அடிமையாக்க ஏற்படுத்திய சடங்கே அவள் உயிரைக் காக்கும் ஆயுதமாகிவிட்டது! கொலை நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. கொல்ல வருகிறவனிடமிருந்து தன் புத்தியைக் கொண்டு தப்பித்தாள் என்பதே சங்கதி.

இந்தப் படத்திலும் குறை உண்டு. நாட்டைக் காப்பாற்ற இதிலும் ஒரு தளபதியே வரவேண்டியிருக்கிறது; குடிமக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இருந்தாலும் மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் இது மேல்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? கை ஒன்றே, கருவியும் அதே மாதிரிக் கருவிதான். கதை எழுதிக் கொடுத்தவன் புத்தி எப்படியோ, பணம் போட்டவன் ஆசை எப்படியோ, பார்க்கிறவன் அறிவு எப்படியோ, அப்படித்தான் படம் அமைகிறது. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது நம்முடையது.

ஆகையால் படம் முடிந்ததும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள்: கஷ்டம் தீர்ந்தது உழைப்பினாலா, புத்தியினாலா, அற்புதத்தினாலா? அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லையா? அந்தக் கூலிக்காரனுக்கு நியாயம் கிடைத்ததா, பிச்சை கிடைத்ததா? இப்படிக் கேட்கத் தெரிந்த வீட்டில் எந்தப் படமும் கெடுதி செய்யமுடியாது. கேட்கத் தெரியாத வீட்டில் நல்ல படமும் பயன்படாது.