ஓவியனுக்கு நாள்தோறும் பயிற்சி வேண்டுமா?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

காலையில் மாணவர் ஓவியக் கண்காட்சியைப் பார்வையிட்டபோது, படம் ஒன்றை வைத்திருந்த இளைஞர் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார். “ஐயா, ஓவியன் நாள்தோறும் வரைந்தே ஆகவேண்டுமா? பிறவியிலேயே அத்திறன் அமைந்துவிட்டால் போதாதா?” என்றார். நான் பேசுவதற்கு எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு, அவ்வினாவிற்கே விடை கூற விழைகின்றேன்.

வினாவின் பிற்பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். பிறப்பினால் ஒருவனுக்கு அறிவு உண்டு, மற்றொருவனுக்கு இல்லை என்னும் பொய்யை எதிர்த்தே இக்கழகம் தோன்றிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக நடைபெற்றும் வருகின்றது. கல்வியில் நாம் ஏற்க மறுத்த அப்பொய்யை, ஓவியத்தில் மட்டும் ‘பிறவித் திறன்’ என்னும் அழகிய பெயரிட்டு ஏற்றுக்கொள்ளலாமா?

நான் சிறுவனாயிருந்தபோது, என் படத்தைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், “இது மண்வெட்டி பிடிக்கப் பிறந்த கை, இதற்குத் தூரிகை எதற்கு?” என்றார். வகுப்பு சிரித்தது. அன்றிரவு என் தந்தையாரிடம் அழுதேன். அவர் சொன்னார்: “மண்வெட்டியும் எனக்குப் பிறக்கும்போதே வந்துவிடவில்லையடா. முதல் ஆண்டு நான் வெட்டிய வரப்பு பாம்பு போல் நெளிந்தது.” பின்னாளில் அவர் வெட்டிய வரப்பு நூல் பிடித்தாற்போல் நின்றது. அந்த நேர்கோடு பிறவியில் வந்ததன்று; பழக்கத்தில் வந்தது. ஒருவர்க்கு விரைவாகவும் மற்றவர்க்கு மெதுவாகவும் வரலாம்; ஆயினும் பழகாதவர்க்கு வருவதில்லை. நம் தாய்மார்களைப் பாருங்கள். விடியலில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்து, கை எடுக்காமல் இழை இழுத்துக் கோலத்தை முடிக்கின்றனர். எந்தக் கல்லூரியும் அவர்களுக்குப் பட்டம் அளிக்கவில்லை. நாள்தோறும் இட்டதனால் கை தேர்ந்தது, அவ்வளவே.

உலகம் போற்றும் ஓவியர் வின்சென்ட் வான்கோ 1853-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் பிறந்தார். ஓவியராவது என்று அவர் முடிவு செய்தது 1880-இல். அப்போது அவருக்கு வயது 27. பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வறுமையில் இருந்தவாறே, பிரான்சில் வெளியான ஓவியப் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார். தொடக்கக்காலப் படங்களில் உருவங்கள் விறைத்து நிற்கும். 1885-இல் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் படத்தைத் தீட்டுமுன், உழவர் குடும்பத்தாரின் முகங்களையும் கைகளையும் மாதக்கணக்கில் வரைந்து பழகினார். தலை ஓவியங்கள் மட்டுமே ஏறத்தாழ நாற்பது. 1890-இல் மறைந்தபோது, பத்தே ஆண்டுகளில் 800-க்கு மேற்பட்ட வண்ண ஓவியங்களையும் ஏறத்தாழ ஆயிரம் கோட்டோவியங்களையும் விட்டுச்சென்றார். இதனைப் பிறவிப்பேறு என்று சொல்லிவிட்டால், அந்தப் பத்தாண்டு உழைப்பு எங்கே போயிற்று?

நாள்தோறும் வரைவதனால் கை மட்டுமா பழகுகின்றது? கண்ணே முதலில் பழகுகின்றது. ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் வட்டம் என்பது நாம் அறிந்தது. ஆனால் கண் மட்டத்தில் வைத்தால் அவ்வாய் வெறும் கோடாகவே தெரியும். கீழே இறக்க இறக்க நீள்வட்டமாய் விரியும். பழகாதவன் தான் அறிந்ததை வரைகின்றான். பழகியவன் தான் காண்பதை வரைகின்றான். பிறர் சொல்லி அறிந்ததை விட்டுத் தன் கண்ணால் காணும் துணிவு, ஓவியத்திற்கு மட்டும் தேவையானதன்று என்பதை இவ்வவையில் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பிழையையே நாள்தோறும் வரைந்தால், பிழையே உறுதிப்படும். ஒரே நடிகரின் முகத்தை நூறு முறை படம் பார்த்து வரைவது பயிற்சியாகாது. கை வராததைத் தேடி வரைய வேண்டும். கையை நீட்டிப் பென்சிலால் அளவு பார்த்து, வரைந்ததை எதிரிலுள்ள பொருளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தாளின் மூலையில் நாளைக் குறித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து உங்கள் வளர்ச்சியை நீங்களே காணலாம்.

“வேலைக்குப் போய் இரவு திரும்புகின்றேன், மேசையில்லை, தாளில்லை, நாள்தோறும் எவ்வாறு வரைவேன்?” என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. ‘நாள்தோறும்’ என்பது உங்களை அடிக்கும் சாட்டையாகிவிடக் கூடாது. பத்து நிமிடம் போதும். அறுவடைக் காலத்தில் பத்து நாள் விட்டுப்போனால் கலை போய்விடாது. பதினோராம் நாள் மீண்டும் தொடங்குக. தாளே கிட்டாத நாளில், பேருந்தில் உறங்குபவரின் தலை சாய்ந்திருக்கும் கோணத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள், அதுவும் பயிற்சியே.

இதற்குச் சான்றாக ஒருவரைச் சொல்வேன். வான்கோ பிறந்த அதே 1853-ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பண்ணையொன்றில் பில் டிரெய்லர் என்னும் கறுப்பினத்தவர் அடிமையாய்ப் பிறந்தார். 1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பண்ணை வேலையிலேயே கழித்தார். எழுத்தறிவு பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1939-ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 85 வயதில், மாண்ட்காமரி நகர வீதியோரத்தில் அமர்ந்து, பிறர் எறிந்த அட்டைகளின் மேல் வரையத் தொடங்கினார். விலங்குகள், குடிப்பவர், ஓடுபவர், துரத்துபவர் எனத் தாம் கண்டதையும் நினைவில் நின்றதையும் வரைந்தார். சில ஆண்டுகளிலேயே ஆயிரத்திற்கு மேற்பட்ட ஓவியங்கள் பிறந்தன. சார்லஸ் ஷானன் என்னும் இளம் ஓவியர் அவற்றைக் காத்து வைத்தார். 1949-இல் டிரெய்லர் மறைந்தார். 2018-இல் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் கலைக்கூடம் அவர் படங்களைத் திரட்டிப் பெருங்கண்காட்சி நடத்திற்று. மேசையும் நல்ல தாளும் வரும்வரை அப்பெரியவர் காத்திருந்தாரில்லை.

எனவே, காலையில் வினவிய தம்பிக்கு என் விடை இதுவே: ஆம், நாள்தோறும் வரைய வேண்டும். யாரோ இட்ட கட்டளைக்காக அன்று. ‘இது உன் கைக்கு உரியதன்று’ என்று சொன்னவர்க்கு நம் கை அன்றாடம் அளிக்கும் மறுமொழியாக வரைய வேண்டும். நம் தெருவையும், நம் பெற்றோர் உழைப்பையும், நம் முகங்களையும் நாமே வரையாவிட்டால், பிறர் தமக்குத் தோன்றியவாறு வரைவர்.

கழகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் படிப்பகத்தில் மாலையில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஓவியம் பழகுவோர்க்கென ஒதுக்கித் தாருங்கள். அலுவலகங்களில் ஒருபுறம் அச்சிட்டுக் கழித்த தாள்களைச் சேர்த்துத் தருவது என் பொறுப்பு. வாரம் ஒருமுறை வந்து திருத்தித் தரவும் இசைகின்றேன்.