ஐம்பதில் வளைதல்



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியைத் தமிழர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. வினாவின் வடிவில் வந்தாலும் அது தீர்ப்பாகவே வழங்கிவருகிறது. கற்கும் வயது கடந்துவிட்டது என்று பிறரிடம் சொல்வதற்கும், தனக்குத் தானே சொல்லி அமைதி கொள்வதற்கும் அது உதவுகிறது. அத்தீர்ப்பை உரைத்துப் பார்ப்பதற்கு ஐரோப்பியப் பாலே நடனத்தைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது. உடலை இளமையிலேயே வளைக்கவேண்டும் என்று மிகக் கண்டிப்பாக வற்புறுத்தும் கலை அது. மேலும், அக்கலையில் முதன்முதலாகக் கற்பிக்கப்படும் அசைவின் பெயர் ‘பிளியே’. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு ‘வளைந்தது’ என்றே பொருள்.

வளர்ந்தபின் பாலே கற்கத் தொடங்குவோருக்கான மாலை வகுப்புகள் இன்று ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. லண்டனில் 1920இல் தோன்றி, இன்று ‘ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ்’ என்னும் பெயரால் வழங்கும் நிறுவனம், 55 வயதைக் கடந்தோருக்கென்றே ‘சில்வர் ஸ்வான்ஸ்’ என்னும் வகுப்புகளை அமைத்துள்ளது. ‘வெள்ளி அன்னங்கள்’ என்பது அதன் பொருள். நரைத்த தலைக்கும் ‘அன்னப் பொய்கை’ என்னும் புகழ்பெற்ற பாலேவுக்கும் ஒரே சொல்லில் வணக்கம் செலுத்தும் பெயர் அது.

அத்தகைய வகுப்பறை ஒன்றை மனக்கண்ணால் காண்பது கடினமன்று. ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. மற்றச் சுவர்களை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலாக, நீண்ட மரக்கம்பி. அதனைப் ‘பார்’ என்பர். மாணவர் இடக்கையை அதன்மேல் மெல்ல வைத்து நிற்கிறார். குதிகால்கள் ஒன்றையொன்று தொட, பாதங்கள் வெளிநோக்கித் திரும்பியிருக்க, முழங்கால்கள் பாதங்களின் திசையிலேயே மடிகின்றன. பரதத்தின் அரைமண்டியை அறிந்த கண்ணுக்கு இது முற்றிலும் அயலான காட்சியன்று. பின்னர் ஒரு காலைத் தரையோடு உரசி நீட்டும் பயிற்சி. அடுத்துக் காலால் தரையில் அரைவட்டம் வரையும் பயிற்சி. அதன்பின் காலை மெல்ல உயர்த்தி விரித்தல். இறுதியில் வீசி எறிதல். வலக்கால் செய்தவற்றையெல்லாம் திரும்பி நின்று இடக்காலும் செய்யவேண்டும். அதன் பிறகே கம்பியை விட்டு அறையின் நடுவிடத்துக்கு வருதலும், சுழலுதலும், தாவுதலும். வகுப்பு ஆசிரியருக்கும் பியானோ வாசிப்பவருக்கும் செய்யும் வணக்கத்தோடு முடிகிறது.

முப்பதிலோ ஐம்பதிலோ இவ்வறைக்குள் நுழைபவருக்கு முதலில் எதிர்ப்படுவது உடலின் மறுப்பாகும். அம்மறுப்பில் ஒரு பகுதி உண்மையானது. அதனை மறைத்துப் பேசுவதால் எவருக்கும் பயனில்லை. பாலேவின் அடித்தளம் காலை இடுப்பிலிருந்தே வெளிநோக்கித் திருப்புதல். அத்திருப்பம் எவ்வளவு கிட்டும் என்பதைத் தொடையெலும்பின் அமைப்பும், அது இடுப்புக் குழியில் பொருந்தும் விதமும் பெரிதும் வரையறுக்கின்றன. எலும்பு வளர்ந்து முடிந்தபின் பயிற்சியால் அவ்வமைப்பு மாறுவதில்லை. இடுப்பு தராததைப் பாதத்தைக் கொண்டு வலிந்து பெற முயன்றால், தண்டனை முழங்காலுக்கு வந்து சேர்கிறது. ஆகவே நல்லாசிரியர், வளர்ந்த மாணவரிடம் நூலிற் காணும் முழுத் திருப்பத்தைக் கேட்பதில்லை. அவரவர் இடுப்பு நேர்மையாகத் தரக்கூடிய அளவையே கேட்கிறார். நுனிக்காலில் எழுந்து ஆடுதலும், பாதமும் கணுக்காலும் வலுப்பெறும்வரை காத்திருக்கவேண்டிய ஒன்று. சிலருக்கு அது என்றுமே தேவைப்படுவதில்லை.

எனவே பழமொழிக்கு எலும்பு சாட்சி சொல்கிறது. எனினும் எலும்பு மட்டுமே உடலாகாது. தசை எவ்வயதிலும் வலுப்பெறும். நிற்கும் சமநிலை பயிற்சியால் திருந்தும். அசைவுகளின் வரிசையை நினைவிற் கொள்ளும் ஆற்றலும் வளரும். வளர்ந்த மாணவருக்குச் சிறுவரிடம் இல்லாத செல்வங்களும் உண்டு. ‘தொடையின் உட்பக்கத்திலிருந்து திருப்புக’ என்றால் எங்கிருந்து என்பதை அவரால் எண்ணிப் பார்க்க முடியும். இசையில் ஒரு தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவர் செவி முன்பே அறியும்.

இளமையில் தொடங்கவேண்டும் என்னும் விதி எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. பாலே தொடக்கத்தில் குழந்தைகளின் கலையாகவோ பிழைப்புக்கான தொழிலாகவோ இருக்கவில்லை. அது அரசவையினரின் ஆட்டம். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் 1653இல் ‘இரவின் பாலே’ என்னும் நிகழ்ச்சியில் கதிரவன் வேடம் பூண்டு ஆடியபோது, பிரபுக்களும் உடன் ஆடினர். அம்மன்னரே 1661இல் நடனத்துக்கென அரச கழகம் ஒன்றை நிறுவினார். பாலேவின் கலைச்சொற்கள் இன்றும் உலகெங்கும் பிரெஞ்சு மொழியிலேயே வழங்குவதற்கு இந்தப் பிறப்பே காரணம். தொழில்முறைப் பெண் கலைஞர்கள் பாரிஸ் ஓபரா மேடையில் தோன்றியது 1681இல்தான். அந்த ஓபராவின் நடனப்பள்ளி 1713இல் அமைந்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1738இல் தொடங்கிய பள்ளியே பின்னாளில் ஆசிரியை வாகனோவாவின் பெயரைப் பெற்றது. ஏறத்தாழப் பத்து வயதில் சேர்த்து எட்டாண்டுகள் பயிற்றும் முறைக்கு அப்பள்ளி புகழ்பெற்றது.

கலை தொழிலானபோதே குழந்தை அதற்குத் தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓபராவில் பயின்ற சிறுமியரைச் ‘சிற்றெலிகள்’ என்று அழைத்தனர். அவர்களுள் பலர் வறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஈட்டும் சிறு ஊதியத்தை வீடு எதிர்பார்த்திருந்தது. ஓவியர் தெகா 1881இல் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ என்னும் மெழுகுச் சிற்பம் அத்தகைய சிறுமி ஒருத்தியின் உருவமே. ஐந்தில் வளைக்கப்பட்ட உடல்களின் பின்னே கலையார்வம் மட்டுமல்லாமல் பசியும் நின்றது. தன் விருப்பத்தால், தன் செலவில், எவரும் வற்புறுத்தாமல் கம்பியைப் பற்றி நிற்கும் வளர்ந்த மாணவர், அச்சிறுமியருக்கு வாய்க்காத உரிமையோடு நிற்கிறார்.

காலந்தாழ்த்தித் தொடங்கியோர் வரலாறு ஒரே முடிவைத் தருவதில்லை. இகோர் யூஸ்கெவிச் 1912இல் உக்ரைனில் பிறந்து, பெல்கிரேடில் உடற்பயிற்சி வீரராக வளர்ந்தவர். இருபது வயதை ஒட்டியே பாலேவுக்கு வந்தார். பின்னர் அலிசியா அலோன்சோவின் இணையாக ஆடி, அந்நூற்றாண்டின் சிறந்த ஆண் கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். முன்பே பண்பட்ட உடல் அவருக்குத் துணைநின்றது.

எழுத்தாளர் செல்டா ஃபிட்ஸ்ஜெரால்டின் கதை வேறு. 1900இல் பிறந்த அவர், சிறுவயதில் பயின்று கைவிட்ட பாலேவை 27ஆம் வயதில் மீண்டும் பற்றினார். பாரிஸில், ரஷ்ய அரச மேடையில் ஆடியவரான லியுபோவ் எகரோவாவிடம் நாள்தோறும் உடல் நலியப் பயின்றார். 1929இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து நடனக்குழுவிலிருந்து அவருக்கு அழைப்பும் வந்தது, அவர் செல்லவில்லை. 1930இல் மனநோயால் மருத்துவமனை புகுந்தார். 1932இல் வெளிவந்த அவருடைய நாவலின் தலைவி நேப்பிள்ஸுக்குச் சென்று ஆடுகிறாள். காலில் நஞ்சேறி அவள் நடனம் முடிகிறது. ஆசிரியை போகாத ஊருக்குப் பாத்திரம் போகிறது. நோய்க்கு நடனமே காரணம் என்று கூறுவது பிழையாகும். ஆயினும், இழந்த ஆண்டுகளை எல்லாம் சில மாதங்களில் மீட்டுவிடவேண்டும் என்னும் வேகம், காலந்தாழ்த்தித் தொடங்குவோருக்கு எத்துணைப் பெரிய இடர் என்பதை அவ்வாழ்க்கை உணர்த்துகிறது.

மூன்றாவது வாழ்க்கை இம்மண்ணைத் தொடுகிறது. 1904இல் பிறந்த ருக்மிணி தேவி, 1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டார். பின்னர்க் கப்பற்பயணத்தில் அவரோடு நட்புக்கொண்டு, அக்குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்கத் தொடங்கினார். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தவர், மணமானவர். தாய்நாட்டு ஆடற்கலையை நாடுமாறு பாவ்லோவா தூண்டியதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் சதிர் பயின்று, 1935இல், 31ஆம் வயதில், அடையாற்றில் அரங்கேறினார். அக்கலையைத் தலைமுறைகளாகக் காத்த மரபினர் தம் மேடையை இழந்துவந்த காலமும் அதுவே. அக்கணக்கு தனியே பேசப்படவேண்டியது. இங்குக் கருதத்தக்கது ஒன்று: அவருக்குப் பாலே சென்றடையும் ஊராக அமையவில்லை, வழியாக அமைந்தது. தொடக்கநிலை மாணவராக நிற்கக் கற்றுக்கொண்ட ஒருவரால் இன்னொரு கலையின் வாயிலிலும் அவ்வாறே நிற்க முடிந்தது.

இம்மூவரிடமிருந்தும் பெறப்படுவது யாது? வளர்ந்த மாணவரைப் பெரிதும் வருத்துவது இடுப்பின் இறுக்கமன்று. அவருடைய சுவையுணர்வு அவர் உடலைக் கடந்து வெகுதொலைவு சென்றுவிட்டது என்பதே அவருடைய துன்பம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அழகிய கைவீச்சு எது, அழகற்றது எது என்று தெரியாது. கண்ணாடி அதனைத் துன்புறுத்துவதில்லை. வளர்ந்தவரோ எத்தனையோ சிறந்த ஆட்டங்களைக் கண்டவர். கண் கற்றுத் தேர்ந்துவிட்டது; கால் அரிச்சுவடியில் நிற்கிறது. கண்ணாடியில் தெரிவது அந்தத் தொலைவு. அலுவலகத்தில் பலருக்கு ஆணையிடுபவர், வீட்டில் பேரக்குழந்தைக்குப் பாடம் சொல்பவர், இங்கே வலம் எது இடம் எது என்று தடுமாறுகிறார். பலர் முதல் மாதத்திலேயே விலகுவதற்குக் கால்வலியைக் காரணம் காட்டக்கூடும். மெய்யான வலி பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

இந்த அவையிலிருப்போர்க்கு இத்துன்பம் புதிதன்று. நல்ல கவிதைகளை ஆயிரக்கணக்கில் படித்துச் சுவைத்தபின் முதல் வரியை எழுத அமர்பவர் அடையும் திகைப்பு இதுவே. நாற்பது வயதுக்குமேல் அசையும் சீரும் தளையும் கற்று வெண்பா கட்ட முயலும் புதுக்கவிஞரும் இக்கண்ணாடியின் முன்தான் நிற்கிறார். அவருடைய செவிக்குத் தளை தட்டுவது கேட்கிறது. கை அதனைத் திருத்த அறியவில்லை.

இதற்குப் பாலே கண்டுள்ள மருந்து எளியது, ஆயினும் வியக்கத்தக்கது. அக்கலையில் எவரும் வகுப்பைக் கடந்து செல்வதில்லை. இரவில் பேரரங்கில் தலைமைப் பாத்திரம் ஆடும் நங்கையும் மறுநாள் காலையில் கம்பியைப் பற்றி நின்று, ‘பிளியே’யிலிருந்து தொடங்குகிறார். முதல்நாள் மாணவர் செய்யும் அதே அசைவு, அதே வரிசை. தேர்ச்சி என்பது அடிப்படையைவிட்டு மேலே போய்விடுதல் அன்று. அதற்கு நாள்தோறும் திரும்பி வருதல். ஆகவே ஐம்பது வயதில் தொடங்குபவர் வெளிவாயிலில் நிற்கும் விருந்தினர் அல்லர். வாழ்நாள் முழுவதும் ஆடியவர் காலையில் எங்கே நிற்கிறாரோ அங்கேயே அவரும் நிற்கிறார்.

தென்கொரியாவில் வெளிவந்த ‘நபில்லேரா’ என்னும் தொடர்சித்திரக் கதை 2021இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. ஓய்வுபெற்ற அஞ்சற்காரர் ஒருவர் 70 வயதில் பாலே கற்கத் தொடங்குகிறார். ஆசிரியராக வாய்ப்பவர் இருபதுகளில் உள்ள இளைஞர். வீட்டார் நாணுகின்றனர். முதியவருக்கோ நினைவு அழிந்துவரும் நோய். நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருப்பதை அவர் உடலில் எழுதிவைக்க முயல்கிறார். பட்டாம்பூச்சியைக் குறித்துவரும் அத்தலைப்பு, கவிஞர் ஜோ ஜி-ஹூன் ஒரு துறவியின் ஆடலைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு கிழவரின் கால்களுக்குப் பெயர் சூட்ட அந்நாட்டவர் கவிதையிடம் சென்றனர் என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தியாகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய அமைப்பு ஒன்றுக்கு இதிலிருந்து கொள்ளத்தக்கது உண்டு. நூல் பல வெளியிட்ட மூத்தவர், முதற்கவிதையைத் தயங்கி வாசிக்கும் புதியவரின் பக்கத்தில் அமர்ந்து, அன்றைய பயிற்சியைத் தாமும் தொடக்கத்திலிருந்து செய்வாரேயானால், அந்த அவை ஒரு நல்ல வகுப்பறை. முடித்துவிட்டோர் ஓரிடமும் தொடங்குவோர் வேறிடமும் அமரும் அவையில் பாராட்டு நிகழும், கற்றல் நிகழாது.

பழமொழியின் வினாவுக்கு விடை இனி இரு பகுதியாக அமையும். எலும்பு ஐம்பதில் வளையாது. வளர்ந்த மனிதர் பலர் பார்க்க, அறியாதவராக நின்று, முழங்காலை மெல்ல மடிக்க ஒருப்படும் மனம் வளையும். அதற்கு வயது வரம்பு விதித்தவர் எவருமில்லை.