பிடியரிசியோடு ஒரு பிடி பயறு

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



 வருடத்தில் ஒரு நாளாவது உங்களை நேரில் கண்டு நன்றி சொல்ல ஆண்டவர் கிருபை செய்கிறார். அதற்காக அவரை ஸ்தோத்திரிக்கிறேன். வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டில் கண்ட சாட்சிகளைச் சொல்லுவேன். இந்த வருடம் சமையலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, "உங்களுக்கும் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். கடைசிவரை கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

குழந்தைகள் வார்டுக்கு இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி நிமோனியாவோடு வந்தாள். மருத்துவர்கள் நன்றாகக் கவனித்தார்கள். எட்டாம் நாள் சுகமாகி வீட்டுக்குப் புறப்பட்டாள். கட்டிலருகே நின்று ஸ்தோத்திர ஜெபம் செய்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து அதே பிள்ளை வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தது. கன்னம் ஒட்டி, தலைமுடி வெளிறி இருந்தது. சிஸ்டர் அவள் மேற்கையில் நாடாவைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதிற்குள் உள்ள பிள்ளைகளுக்குக் கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாடா சிவப்பைக் காட்டும், 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. இவளுக்கு மஞ்சள், அதுவும் சிவப்பை ஒட்டினாற்போல.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தாயிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஏம்மா, பிள்ளைக்குக் காலையில என்ன குடுக்கிறீங்க?"

"டீயும் ரெண்டு பிஸ்கட்டும், ஐயா. நான் விடியக்காலம் களையெடுக்கப் போயிருவேன். கைப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போவேன். இவ ஆச்சிகூட இருப்பா."

"அங்கன்வாடியில சத்துமாவு தர்றாங்களே?"

அவள் தலைகுனிந்தாள். "அதை ஆட்டுக்கு வச்சிருவோம், ஐயா. பிள்ளைக்குப் பிஸ்கட்தான் நல்லதுன்னு நினைச்சேன்."

பிரியமானவர்களே, அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு கொடுத்து வாங்குவதுதான் உயர்ந்தது என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? கடையும் விளம்பரமும் கற்றுக்கொடுத்தன. முதல் தடவை எட்டு நாட்கள் அந்தக் கட்டிலருகே நின்றும் இந்தக் கேள்வியைக் கேட்காத நானும் அதில் பங்காளி. அவளுக்காக ஜெபித்தேன், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரிக்கவில்லை.

அன்றிரவு மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்தேன். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். எல்லாரும் பிரமித்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் சொன்ன காரியம் என்ன? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். அவள் உண்மையாகவே உயிரோடு எழுந்தாள் என்பதற்கு அது அத்தாட்சி என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்கு விளக்கினார்கள். அது சரியே. வார்டில் இத்தனை வருடம் நடமாடிய பிறகு இன்னொன்றும் எனக்குப் புரிகிறது. சந்தோஷத்தில் பெற்றவர்களே மறந்துபோன அந்தப் பிள்ளையின் வெறும் வயிற்றை ஆண்டவர் மறக்கவில்லை. அற்புதத்தைச் செய்தவர் அவர். அதற்குப் பிறகு சோறு போடும் வேலையை வீட்டாரிடம் கொடுத்தார்.

அப்படியானால் நம் பிள்ளைகளின் காலை வயிறு யார் கையில் இருக்கிறது? தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டம் மதிய வேளையைக் கவனித்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கொடுக்கிறது. இரண்டுக்காகவும் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளையின் காலை இன்னும் வீட்டு அடுப்பில்தான் இருக்கிறது. தாயின் கை ஓயாத நேரமும் அதுவே. அடுத்த குழந்தை பிறந்துவிட்டால் முந்தின பிள்ளையின் பாடு இன்னும் மோசம். 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் உடல் வீங்கிச் சாகும் பிள்ளைகளைக் கண்டு ஆராய்ந்தார். அந்த ஊர்த் தாய்மார் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயர் குவாஷியோர்கர். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. வைத்தியர்களுக்கு முன்பே தாய்மாருக்குக் காரணம் தெரிந்திருந்தது.

நம் ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். தட்டில் இல்லாதது வேறு. எங்கள் சிஸ்டர் தாய்மாருக்கு நான்கு விரலைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் விரல், அரிசி, கேழ்வரகு, கம்பு, கோதுமை போன்ற தானியம். இரண்டாம் விரல், பருப்பு, பயறு, நிலக்கடலை. மூன்றாம் விரல், முட்டை, மீன், பால், தயிர். நான்காம் விரல், கீரை, காய், பழம். கட்டைவிரல் எதற்கென்றால், அது ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய். சின்ன வயிற்றுக்குள் கொஞ்சம்தான் போகும். போகிற கொஞ்சத்திலும் பலம் இருக்க வேண்டும். அதனால் கஞ்சி தண்ணீராக இருக்கலாகாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஓரிரு தடவை பழமோ சுண்டலோ வேண்டும். சுண்டலைச் சின்னப் பிள்ளைக்கு மசித்தே கொடுக்க வேண்டும். இரண்டு வயது வரையிலும், முடிந்தால் அதற்குப் பிறகும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

"இதெல்லாம் காலையில செய்ய நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். தாய்மாரும் அதைத்தான் கேட்டார்கள். காலை ஆகாரம் முந்தின இரவே தீர்மானமாக வேண்டும் என்பது சிஸ்டரின் பதில். படுக்கப் போகுமுன் ஒரு பிடி பயறை ஊறப்போட்டால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் தாய்மாருக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு வாரப் பட்டியலை இங்கே சொல்லுகிறேன்.

திங்கள்: இட்லி, பருப்பும் காயும் குழைய வெந்த சாம்பார்.
செவ்வாய்: கேழ்வரகுக் கஞ்சி, பாலும் வெல்லமும் சேர்த்து, ஒரு வாழைப்பழம்.
புதன்: அரிசியும் பாசிப்பருப்பும் போட்ட பொங்கல், ஒரு கரண்டி நெய்.
வியாழன்: இரவே அரைத்து வைத்த மாவில் முருங்கைக்கீரை அடை.
வெள்ளி: கேரட்டும் பட்டாணியும் போட்ட ரவை உப்புமா, ஒரு அவித்த முட்டை.
சனி: சத்துமாவுக் கஞ்சி, ஒரு துண்டு பப்பாளி.
ஞாயிறு: முட்டை தோசை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முட்டை தோசை வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆராதனைக்குப் புறப்படும் அவசரத்தில் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போகும் நாள் அதுதான். நீண்ட பிரசங்கம் செய்தவன் என்ற முறையில் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டிலேயே சத்துமாவு செய்ய விரும்புகிறவர்களுக்கு, ஹைதராபாத் கலவை என்று வழங்கும் எளிய மாவு ஒன்று உண்டு. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். எல்லாவற்றையும் பொடித்தால் 86 கிராம் வரும்; அதில் சுமார் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் உண்டு. கோதுமைக்குப் பதில் கேழ்வரகும் போடலாம். ஈரமில்லாத டப்பாவில் வைத்துக்கொண்டால் காலையில் வெந்நீரிலோ பாலிலோ கரைப்பதுதான் வேலை. சில எச்சரிப்புகளையும் சிஸ்டர் சேர்த்துச் சொல்லுவார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கலாகாது. உப்பும் இனிப்பும் சேர்க்க வேண்டாம். முழு நிலக்கடலை சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கும். பொடித்தே கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். ஆகாரத்திலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் அது தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவை அந்தச் சத்து சேர உதவும்.

இது ஏழை வீட்டுக் காரியம் மட்டும் என்று நினைத்துவிடாதிருங்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 67 பேர். தமிழ்நாட்டில் 57 பேர். என் பேரன் பட்டணத்தில் இருக்கிறான். நான்கு வயது. காலையில் சாக்லேட் மாவு கலந்த பால், மதியம் பாதி நாள் நூடுல்ஸ். சோகையாக இருக்கிறானே என்று இரத்தம் பார்த்தபோது அவனும் அந்தக் கணக்கில் ஒருவன். பால் நல்ல ஆகாரம்தான். ஆனால் அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு, வயிற்றையும் நிரப்பிவிடும். களையெடுக்கும் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். என் மகன் வீட்டில் சாக்லேட் பாலும் நூடுல்ஸும். இரண்டு வீட்டிலும் ஒரே குறை.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வார்டுக்குப் பின்புறம் நீங்கள் கொடுத்த காணிக்கையில் கட்டிய சிறிய அடுப்படியில், அவளுடைய தாயும் ஆச்சியும் சிஸ்டரோடு உட்கார்ந்து பத்து நாள் சமைத்தார்கள். பிள்ளை சாப்பிடுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஒரு டீக்கும் ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கும் ஆகும் காசில் ஒரு முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டவள் ஆச்சிதான். நாலு மாதம் கழித்து வந்தபோது நாடா பச்சையைக் காட்டியது. "ஆட்டுக்கு இப்ப சத்துமாவு கிடையாது, ஐயா" என்றாள் ஆச்சி.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித் திரும்பி வருவதில்லை. பாதியில் கூட்டிக்கொண்டுபோன ஒரு பையன் இருந்தான். தகப்பனுக்குக் கூலி போகிறதே என்று அவசரம். மறுபடி நான் அவனைப் பார்த்தது அவன் அடக்கத்தில். மருந்துக் குறிப்பு அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. என்ன சமைத்துக் கொடுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சுவரை நான் மறக்கமாட்டேன்.

ஆகையால் இந்த வருடம் உங்களிடம் ஒரு விண்ணப்பம். நம் தாய்மார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பிடியரிசிக் காணிக்கை கொண்டுவந்தார்கள். அந்தப் பிடியரிசியால் எத்தனையோ ஆலயங்களும் ஊழியங்களும் தாங்கப்பட்டன. இன்று அரிசி வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. பயறுதான் கிடைப்பதில்லை. உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடியரிசியோடு ஒரு பிடி பயறும் சேர்த்து எடுத்து வைப்பீர்களா? பாசிப்பயறோ, நிலக்கடலையோ, பொட்டுக்கடலையோ எதுவானாலும் சரி. அசனப் பண்டிகையில் நாம் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோமே, அந்தப் பந்தி நம் வார்டு அடுப்படி வரைக்கும் நீளட்டும். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். இன்றிரவு படுக்குமுன் உங்கள் வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒரு பிடி ஊறப்போடுங்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர், இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரையேறின சீஷருக்குக் காலை ஆகாரத்தை முன்னமே ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார். கரிநெருப்பு மூட்டியிருந்தது, மீனும் அப்பமும் இருந்தன. அவர்கள் கேட்குமுன்னே அதை நினைத்து வைத்தவர் அவர். அவருடைய ஊழியத்தைச் செய்கிற நாம் சின்னப் பிள்ளைகளின் காலையை நினைத்து வைப்பது அதிகமல்ல.

ஜெபிப்போம். பரலோக பிதாவே, நாளைக் காலையில் பசியோடு கண்விழிக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் உம்முடைய கரத்தில் வைக்கிறோம். அவர்களைப் போஷிக்கும் தாய்மாருக்குப் பெலன் தாரும். ஜெபித்துவிட்டு விசாரிக்க மறந்த எங்களை மன்னியும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டுகிறோம். ஆமென்.